சக் பீலூக்காரனின் எதிர்ப்பாட்டு

பரம்வீர் லவ்லீனைத் திட்டிப் பாட்டு வெளியிட்டு ஒன்பது நாள் ஆகியிருந்தது. 'கண்ணாடியைக் கட்டிக்கொண்டவளே' என்று தொடங்கி, கடைசிச் சரணத்தில் எழுதியவன் ஊரைச் சொல்லும் பஞ்சாபி வழக்கப்படி தன் ஊரான சக் பீலூவையும் செருகி முடித்திருந்தான். மொஹாலியில் அது ஒலிக்காத ஆட்டோ இல்லை. லவ்லீன் ஆட்டோ ஏறுவதையே விட்டுவிட்டாள்.

இரண்டு வருடம் ஜோடியாகப் பாடி, ஜோடியாகச் சுற்றி, ஒரு பேட்டியின் நடுவிலேயே அடித்துக்கொண்டு பிரிந்தவர்கள். பாட்டுக்குப் பாட்டு பதில் கொடுக்காவிட்டால் பஞ்சாபே சிரிக்கும். ஆனால் அவள் உள்ளுக்குள் காத்திருந்தது அவனுடைய ஒரே ஒரு போனுக்காக. அந்த வெட்கக்கேட்டை யாரிடம் சொல்வது?

இசையமைப்பாளர் தர்ஷன் மூன்று பேரிடம் பதில் பாட்டு எழுதி வாங்கினார். மூன்றும் சப்பென்று இருந்தன. நான்காவது தாளை நீட்டினார்.

"புது ஆளும்மா. பேர் போட வேணாம்னுட்டான்."

லவ்லீன் படித்தாள். தலைப்பாகை கட்ட முக்கால் மணி நேரம். அடுத்தவர் தட்டிலிருந்து ஊறுகாய் திருடும் கை. மன்னிப்புக் கேட்க வாய் வராமல் லஸ்ஸியை நீட்டும் வீராப்பு. அவளுக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது.

"தர்ஷன் பாஜி, அப்படியே பரம்வீரை உரிச்சு வெச்சிருக்கான்!"

மைக் முன் நின்று வெளுத்து வாங்கினாள். கடைசிச் சரணம் வந்தது. 'இவனை நம்பாதே பெண்ணே, சொல்கிறான் சக் பீலூக்காரன்.'

பாட்டு நின்றது. சக் பீலூவில் இருப்பது ஐம்பது வீடு. பாட்டு எழுதுகிறவன் ஒருத்தன்தான்.

தர்ஷன் கூரையைப் பார்த்தார். "ஊரை எடுத்துடுடான்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேன். பழக்கதோஷம், திரும்பவும் எழுதிட்டான்."

"எதுக்கு எழுதினானாம்?"

"நீ மொக்கையா பதில் சொன்னா அவனுக்கு அசிங்கமாம்."

லவ்லீன் கண்ணைத் துடைத்துக்கொண்டு பரம்வீரை போனில் அழைத்தாள். ஒலிபெருக்கியில் போட்டாள்.

"டேய், உன் கொறட்டையை விட்டுட்டியே."

"அது... சந்தத்துல உக்காரல, லவ்லி."

"நேர்ல வந்து உக்கார வை."

"வர்றப்போ லஸ்ஸி வாங்கிட்டு வரவா?"

"வேணாம். இந்தத் தடவை வாயால சொல்லு."

தொண்டையைச் செருமும் சத்தம் கேட்டது. "தப்பு என்மேலதான். மன்னிச்சுடு."

தர்ஷன் பதிவை நிறுத்தியிருக்கவில்லை. வெள்ளிக்கிழமை வந்த பாட்டில் அந்த மன்னிப்புதான் முதல் வரி.