லார் ஸ்கல்லிக்கு வந்த பதினான்கு மணி நேரம்

திங்கட்கிழமை காலை பதினொன்று இருபதுக்கு மாவட்ட ஆஸ்பத்திரியிலிருந்து எங்கள் அலுவலகத்துக்குப் போன் வந்தது. நோயாளிகளை வீட்டுக்கு அனுப்பும் பொறுப்பில் இருந்த நர்ஸ் பேசினாள். லார் ஸ்கல்லிக்கு ஆள் கிடைத்துவிட்டது. காலையில் ஒரு மணி நேரம், மாலையில் ஒரு மணி நேரம், வாரத்துக்குப் பதினான்கு மணி நேரம் வீட்டுக்கே வந்து பார்த்துக்கொள்வார்கள். நாளைக்கே அனுப்பிவிடலாம். குடும்பத்தார் இன்று ஐந்து மணிக்குள் சரி என்று சொல்ல வேண்டும். இல்லையென்றால் அந்த நேரம் பட்டியலில் அடுத்த ஆளுக்குப் போய்விடும்.

"அவரு சம்சாரம் குடுத்த நம்பர் இதுதான். நீங்க சொல்லிடுறீங்களா?"

"சொல்லிடுறேன்" என்றேன்.

லாருக்கு எழுபத்தொரு வயது. நாற்பது வருடம் சதுப்பு நிலத்தில், காயவைத்து எரிக்கிற கரிமண்ணை வெட்டும் இயந்திரம் ஓட்டியவர். நுரையீரல் முழுக்க அந்தத் தூசிதான். அதன் மேல் பக்கவாதம் வந்து இடது பக்கம் விழுந்துவிட்டது. ஜனவரி கடைசியிலேயே, வீட்டுக்குப் போகலாம் என்று டாக்டர் எழுதிவிட்டார். கட்டிலிலிருந்து அவரைத் தூக்க அவர் மனைவி அட்ராக்டாவால் முடியாது, தூக்க வேறு ஆளும் இல்லை. அதனால் பதினோரு வாரமாக அவர் அங்கேயே கிடந்தார். அந்தக் கட்டிலுக்காக வேறு யாரோ ஆஸ்பத்திரி வராந்தாவில் ஸ்ட்ரெச்சர் மேல் படுத்துக் கிடந்தார்கள். அரசாங்கம் பிப்ரவரியிலேயே நேரத்தை ஒதுக்கிக் கடிதம் அனுப்பியிருந்தது. கடிதம் வந்தது, ஆள் வரவில்லை.

ஸ்கல்லி வீடு சதுப்பின் ஓரத்தில் இருக்கிறது. அங்கே செல்போன் எடுக்காது. அதனால்தான் அட்ராக்டா எங்கள் நம்பரைக் கொடுத்திருந்தாள். எதிர்க்கட்சி எம்.பி. ஃபெர்கல் டூலனுக்கு நான் பதினான்கு வருடமாகச் செயலாளர். சனிக்கிழமைகளில் மதுக்கடையின் பின்னறையில் அவர் உட்கார்ந்து ஜனங்களின் குறை கேட்பார், நான் எழுதிக்கொள்வேன். அட்ராக்டா ஒரு சனிக்கிழமைகூடத் தவறியதில்லை.

அன்று நான் வண்டியை எடுத்துக்கொண்டு நேராக அவள் வீட்டுக்குப் போயிருக்க வேண்டும். போகவில்லை. நல்ல செய்தி எதுவானாலும் எம்.பி. வாயால்தான் போக வேண்டும் என்பது எங்கள் தொழிலின் முதல் விதி. சாலையில் ஒரு குழியை மூடினால்கூட அவர் கையெழுத்தோடு கடிதம் போகும், மூடியது யாராக இருந்தாலும் சரி. அதனால் பார்லிமெண்டுக்காகத் தலைநகர் டப்ளினில் இருந்த ஃபெர்கலுக்குப் போன் போட்டேன்.



"நூலா, புதன்கிழமை மத்தியானம் வரைக்கும் சொல்லாத."

"அஞ்சு மணிக்குள்ள சொல்லணும் ஃபெர்கல். இன்னிக்கு அஞ்சு மணி."

"தெரியுது. ஆனா புதன்கிழமை சபையில நம்ம கட்சித் தலைவரு எந்திரிச்சுப் பிரதமரக் கேக்கப்போற கேள்வியே லாரப் பத்தித்தான். பேரு, வயசு, எத்தன நாளு, எல்லாம் எழுதியாச்சு. அட்ராக்டாவும் சரின்னு சொல்லிட்டா. அடுத்த வாரம் சுகாதார அமைச்சர் மேல நம்பிக்கையில்லாத் தீர்மானம். அதுக்கு ஒரு முகம் வேணும். அந்த ஆளு நாளைக்கு வீட்டுல உக்காந்து டீ குடிச்சிட்டிருந்தா நான் யாரக் காட்டுறது?"

"அவரு வீட்டுல டீ குடிக்கணும்னுதானே நாம இவ்வளவு நாளா நாய் மாதிரி அலைஞ்சோம்?"

"ஒரு லார் வீட்டுக்குப் போவாரு. மாவட்டம் மாவட்டமா இன்னும் நானூறு பேரு கெடப்பாங்க. இவரு இன்னும் மூணு நாள் இருந்தா அந்த நானூறு பேருக்கும் வழி பொறக்கும். ஆஸ்பத்திரிக்காரங்க சும்மா மெரட்டுவாங்க நூலா. டி.வி.யில வந்த ஆளோட நேரத்த எவன் புடுங்குவான்?"

நான் எட்டு வயதிலேயே சதுப்பில் குனிந்து, வெட்டிப்போட்ட கரிமண் கட்டிகளைக் காய்வதற்கு நிறுத்தி அடுக்கியவள். ஒரு நாள் வேலை நின்றால் ஒரு வீடு குளிரில் கிடக்கும் என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் அவர் சொன்னதில் நியாயம் இருப்பதுபோல் பட்டது. நானூறு என்ற எண்ணுக்கு அப்படி ஒரு பலம். மூன்று மணிக்கு நர்ஸ் மறுபடி கூப்பிட்டாள்.

"குடும்பத்தப் புடிக்க முடியல" என்றேன்.

என் வாயால்தான் சொன்னேன். ஃபெர்கல் அதைச் சொல்லச் சொல்லவில்லை.

புதன்கிழமை பன்னிரண்டு மணிக்கு அலுவலகத் தொலைக்காட்சியில் பார்த்தேன். எங்கள் தலைவர் நன்றாகப் பேசினார். லார் எத்தனை வருடம் உழைத்தார், இந்த நாட்டின் மின்சாரமே அவர் வெட்டிய கரிமண்ணில்தான் எரிந்தது, அவருக்கு நீங்கள் கொடுத்தது எழுபத்தேழு நாள் ஆஸ்பத்திரிக் கட்டில், இந்த அரசாங்கத்துக்கு ஒரு மனிதனை வீட்டுக்கு அனுப்பக்கூடத் துப்பில்லை என்றார். எல்லாம் உண்மை. எனக்கே கண் கலங்கியது.

பிரதமர் எழுந்தார். கையில் துண்டுச் சீட்டு ஒன்று இருந்தது.

"தனி மனிதர் ஒருவரின் சிகிச்சையைப் பற்றி இந்த அவையில் நான் பேச மாட்டேன். எதிர்க்கட்சித் தலைவர் தம் கட்சி உறுப்பினர் ஃபெர்கல் டூலனிடம் ஒன்று மட்டும் கேட்டுக்கொள்ளட்டும். திங்கட்கிழமை பதினொன்று இருபதுக்கு அவருடைய அலுவலகத்தில் போன் அடித்ததா இல்லையா?"

அவர் உட்காரும் முன்பே எதிர்வரிசையில் கூச்சல் கிளம்பிவிட்டது. எங்கள் தலைவர் தலையைத் திருப்பி ஃபெர்கலைப் பார்த்ததையும் காமிரா காட்டியது.

கால் மணி நேரத்தில் ஃபெர்கல் கூப்பிட்டார்.

"எவன் சொன்னான் அந்த ஆளுக்கு?"

"அட்ராக்டா நம்மகிட்ட மட்டுமா வந்திருப்பா? எதிர்ல இருக்குற கோனாட்டி ஆபீசுக்கும் போயிருப்பா. ஆள் குடுக்கச் சொல்லி ஆஸ்பத்திரிய அழுத்துனது அவங்களாத்தான் இருக்கும். போன் எப்ப, எங்க போச்சுன்னு அவங்களுக்குத் தெரியாமப் போகுமா?"

எங்கள் ஒரே தொகுதிக்கு ஐந்து எம்.பி.க்கள். அவர்களில் ஜெரால்டின் கோனாட்டி ஆளுங்கட்சிக்காரி, துணை அமைச்சர். அவள் அலுவலகம் எங்களுக்கு எதிர்ச்சாரியில், மருந்துக் கடைக்கு மேலே.

"அந்த வீட்டுல ரெண்டு தலைமுறையா நமக்குத்தானே ஒண்ணாம் நம்பர் போடுறாங்க!"

"ரெண்டாம் நம்பர் யாருக்குன்னு என்னிக்காச்சும் கேட்டியா?"

ஓட்டுச் சீட்டில் ஒருத்தருக்கு மட்டும் போடாமல், விருப்ப வரிசையில் ஒன்று, இரண்டு என்று பலருக்கும் எண் போடுகிற ஊரில் எல்லாரும் எல்லா வாசலையும் தட்டுவார்கள். முப்பது வருடம் அரசியல் செய்த ஆள் அதை மறந்துவிட்டார். நானும்தான் மறந்தேன்.

"சரி, ஒரு அறிக்கை குடுத்துடலாம். போன் வந்துச்சு, தகவல் எங்கிட்ட வந்து சேரல. அலுவலகத் தவறு. அவ்வளவுதான்."

"அலுவலகம்னா யாரு ஃபெர்கல்? நானா, இந்த ஹீட்டரா?"

"நூலா, புரிஞ்சுக்கோ..."

போனை வைத்துவிட்டு நர்சைக் கூப்பிட்டேன். திங்கட்கிழமை ஐந்து மணி ஐந்து நிமிடத்துக்கே அந்த நேரம் வேறொரு கிழவிக்குப் போய்விட்டதாம். டி.வி.யில் வந்தால் புடுங்க மாட்டார்கள் என்று அவர் சொன்னபோது, அதற்கு முன்னாலேயே புடுங்கிவிடுவார்கள் என்று எங்கள் இரண்டு பேருக்குமே தோன்றவில்லை.

கோட்டை மாட்டிக்கொண்டு தெருவைக் கடந்து மருந்துக் கடை மாடிக்கு ஏறினேன். பெஞ்சில் ஆறு பேர் காத்திருந்தார்கள். பாதிப் பேர் போன சனிக்கிழமை எங்களிடம் வந்தவர்கள். என்னைப் பார்த்ததும் பேச்சு நின்றது. நானும் வரிசையில் ஏழாவதாக உட்கார்ந்தேன். ஒருத்தர்கூடத் தன் இடத்தை எனக்கு விட்டுத் தரவில்லை. விட்டிருந்தால் அதைவிட அசிங்கமாக இருந்திருக்கும்.

என் முறை வந்தபோது கோனாட்டியின் செயலாளர் டெக்லன் மூனி கதவைத் திறந்து என்னைப் பார்த்துச் சிரித்தான்.

"அடடே, வாங்க நூலாம்மா! உங்க தெருவுல குழி கிழி ஏதாச்சும் விழுந்துருச்சா?"

"லாருக்கு நேரம் வேணும் டெக்லன்."

"திங்கக்கெழம குடுத்தமே. புடிக்கலையா?"

"சிரிச்சு முடிச்சிட்டியா? முடிச்சிட்டா சொல்லு, என்ன வேணும் உனக்கு?"

அவன் ஒரு வெள்ளைத் தாளை என் பக்கம் தள்ளினான். "திங்கக்கெழம என்ன நடந்துச்சோ அத எழுதிக் குடு. போன் வந்த நேரம், அத நீ யாருகிட்ட சொன்ன, அந்த ஆளு என்ன சொன்னாரு. கையெழுத்து போடு."

எழுதினேன். நர்சிடம் நான் சொன்ன பொய்யையும் சேர்த்தே எழுதினேன். ஃபெர்கலிடம் என் வேலை அந்தத் தாளோடு போய்விட்டது என்று தெரியும். டெக்லன் இரண்டு தடவை படித்துவிட்டு மடித்து உள்பையில் வைத்துக்கொண்டான்.

"எப்ப அனுப்புவீங்க?" என்றேன்.

அப்போதுதான் அவன் முகம் மாறியது.

"ஆளு இருந்தா குடுக்க மாட்டமா நூலா? வீடு வீடாப் போய் நோயாளிங்களப் பாத்துக்க இந்தப் பக்கம் முழுக்கப் பெர்னி ஒருத்திதான். ஒரு ஓட்டக் காரு, ஒம்பது வீடு. ஒரு வீடு காலியானா ஒரு வீட்ட எடுத்துக்குவா. நாங்க பண்ணுனது, பட்டியல்ல லாரக் கொஞ்சம் மேல ஏத்துனது. அவ்வளவுதான் முடிஞ்சுது."

"அடுத்து எந்த வீடு காலியாகும்?"

"நெட் ஃபாரலி வீடு. புத்துநோய், நாலாவது கட்டம்னு டாக்டர் சொல்லிட்டாரு. மூணு வாரம் இருக்கலாம்."

"அப்ப இவ்வளவு நேரம் எங்கிட்ட எழுதி வாங்குனியே, அது எதுக்கு?"

"உங்க ஆளு எங்க மந்திரிய எறக்கப் பாத்தாரில்ல? அதுக்கு." அவன் கதவைப் பார்த்துக் குரலைத் தாழ்த்திக்கொண்டான். "கோவிச்சுக்காத. நாளைக்கு நீங்க ஆட்சிக்கு வந்தா மட்டும் பெர்னி ரெண்டு பேரா ஆயிடுவாளா?"

மூன்று மணிக்கு ஆஸ்பத்திரிக்குப் போனேன். லார் தலையணையில் சாய்ந்திருந்தார். அட்ராக்டா அவருக்கு முகம் துடைத்துக்கொண்டிருந்தாள். சுவரில் இருந்த தொலைக்காட்சியில் குதிரைப் பந்தயம் ஓடியது. பன்னிரண்டு மணிக்கு அதில் வேறொன்று ஓடியிருக்கும்.

"போன் வந்துச்சா?" அட்ராக்டா என்னைத் திரும்பிப் பார்க்காமலே கேட்டாள்.

"வந்துச்சு."

"திங்கக்கெழமயா?"

"ஆமா. நான்தான் எடுத்தேன். உங்களப் புடிக்க முடியலன்னு பொய் சொன்னேன்."

அவள் துணியைக் கிண்ணத்தில் பிழிந்தாள். மறுபடி நனைத்துப் பிழிந்தாள்.

"பதினோரு வாரமா உன் எதிர்ல வந்து உக்காந்தேன் நூலா. ஒவ்வொரு சனிக்கெழமயும் ரெண்டு பஸ் மாறி வந்தேன்."

டெக்லனிடம் எழுதிக் கொடுத்ததைச் சொன்னேன். பெர்னியைப் பற்றிச் சொன்னேன், மூன்று வாரம் என்றும் சொன்னேன்.

"என்ன மூணு வாரம்? அதுக்குள்ள என்ன ஆகும்?" என்றாள்.

நான் கோட்டைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டேன். அடுத்துக் கேட்டது லார்தான். கோணிய வாயிலிருந்து அவருக்குப் பேச்சு மெதுவாகத்தான் வரும்.

"யாரு வீடு காலியாகுது? சொல்லும்மா."

"நெட் ஃபாரலி."

லார் கண்ணை மூடினார். நெட்டும் அவரும் பத்தொன்பது வருடம் ஒரே இயந்திரத்தில் வேலை பார்த்தவர்கள். அட்ராக்டா கையில் துணியோடு நின்றாள்.

"அவனப் பாத்தா சொல்லு" என்றார். அடுத்த சொல்லுக்கு இரண்டு மூச்சு ஆனது. "எனக்கு அவசரம் ஒண்ணுமில்லன்னு சொல்லு."

அட்ராக்டா கிண்ணத்தைக் கட்டிலடியில் வைத்துவிட்டு வந்து என் கையில் இருந்த கோட்டை வாங்கினாள். அதை என் தோளில் போட்டு, பொத்தானைக்கூட மாட்டிவிட்டாள்.

"கெளம்பு" என்றாள். "நெட் பொண்டாட்டிகிட்ட நானே போய்ப் பேசிக்கிறேன். உங்க ரெண்டு ஆபீசுலேருந்தும் யாரும் போகாதீங்க."