ஒப்பிடக் கொடுத்த ரத்தம்

இரண்டு ரத்தப் பரிசோதனைத் தாள்களை மேஜைமேல் அடுத்தடுத்து வைத்த டாக்டரம்மா, மனைவியுடையதை விட்டு, கணவருடைய தாளைத்தான் முதலில் தொட்டார். அச்சகத்தில் முப்பது வருடம் ப்ரூஃப் பார்த்தவர் அவர். அடுத்தவர் பிழை ஒன்றுகூட அவர் கண்ணுக்குத் தப்பாது. வீட்டிலும் அதே உத்தியோகம்தான். மனைவிக்கு மறதி என்று உறவு முழுக்கத் தம்பட்டம் அடித்து, ஞாபகமறதி நோயை முன்கூட்டியே ரத்தத்தில் கண்டுபிடிக்கும் ஆராய்ச்சி ஒன்றுக்கு அவளை இழுத்துவந்தவரும் அவரே. ஒப்பிட்டுப் பார்க்க நல்ல ஞாபகசக்தி உள்ள ஒருவருடைய ரத்தமும் வேண்டும் என்றார்கள். புது மாப்பிள்ளை மாதிரி சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு முன்னால் போய் உட்கார்ந்தார்.

டாக்டரம்மா பக்குவமாகத்தான் சொன்னார். அம்மாவுக்கு ஒன்றுமில்லை, தூக்கம் போதவில்லை, அவ்வளவுதான். சாருடைய ரத்தத்தில்தான் மறதி நோய்க்கு அறிகுறியான புரதம் கூடுதலாக இருக்கிறது. இதை மட்டும் வைத்து முடிவுகட்ட முடியாது, ஸ்கேனும் எடுக்கவேண்டும்.

"சமீபமா எதையாவது எங்கயாவது வச்சிட்டுத் தேடியிருக்கீங்களா சார்?"

இல்லை என்றார். வாய் கூசவில்லை, உடம்புதான் கூசியது. போன மாதம் வீட்டுச் சாவிக்காக அவளை வறுத்தெடுத்த பிறகு, அது தன் சட்டைப் பையிலேயே இருக்கக் கண்டார். சத்தம் காட்டாமல் கொண்டுபோய்க் காய்கறிக் கூடையில் வெங்காயத்துக்கடியில் போட்டார். அவள் அதைக் கண்டெடுத்து, தலையில் அடித்துக்கொண்டு, அவர் வாங்கிக்கொடுத்த மறதி நோட்டில் எழுதியும் வைத்தாள். அவர் இப்படிச் செய்தது ஒருமுறை அல்ல, நாலைந்து முறை. தெரிந்தே செய்தார்.

வெளியே பெஞ்சில் மனைவி அந்த நோட்டை மடியில் வைத்தபடி உட்கார்ந்திருந்தாள்.

"என்னங்க சொன்னாங்க? எனக்கு முத்திப்போச்சா?"

"உனக்கு ஒண்ணுமில்ல."

தன்னைத் தேற்றச் சொல்கிறார் என்று நினைத்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "அப்ப இதெல்லாம் யாரு பண்ணுனது?" என்று நோட்டைக் காட்டினாள்.

வாங்கிப் பிரித்தார். எழுத்து மங்கலாகத் தெரிந்தது. பையைத் தடவினார், கண்ணாடி இல்லை. அவள்தான் கைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்தாள்.

"காலையில ஃப்ரிட்ஜுல கெடந்துச்சு. நீங்க சத்தம் போடுறதுக்குள்ள எடுத்து வச்சுட்டேன்."

மாட்டிக்கொண்டு பார்த்தார். கடைசி வரியில் இன்றைய தேதி. அவர் கண்ணாடியை நான் ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டேன் என்று எழுதியிருந்தாள்.

அவமானத்தில் காது சுட்டது. பேனா கேட்டார். எதற்கென்று கேட்காமல், மூடியைக் கழற்றி நீட்டினாள். பேனா முனை அந்த வரியின்மேல் போய் நின்றது. திருப்பி மூடுவதற்காக, மூடியை விரலிடுக்கில் வைத்துக்கொண்டு அவள் காத்திருந்தாள்.