இருநூற்றுப் பன்னிரண்டாவது ஆள்

"நான் மெதுவாத்தான் நடப்பேன். என்கூட வந்தா உனக்கு எல்லாமே லேட் ஆகும்."

"ஆகட்டுமே. எனக்கென்ன ரயிலா புறப்படப் போகுது?"

"இப்ப சொல்லுவே. நாலு வருஷம் கழிச்சுக் கேக்கறேன்."

"நாற்பது வருஷம் கழிச்சுக் கேளுங்க."

கல்யாணத்துக்கு இரண்டு மாதம் முன்னால், ஒரு பூங்காவின் வாசலில் நானும் அவரும் பேசியது இது. சின்ன வயதில் நடந்த விபத்தில் என் கணவரின் வலது கால் குட்டையாகிவிட்டது. அந்தக் காலுக்கு மட்டும் தடித்த அடியுள்ள ஷூ போடுவார். அன்றைக்கு அவ்வளவு தைரியமாகப் பதில் சொன்னேன். அந்தப் பதிலை இப்போது நினைத்தால் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

அவர் பல் செட் செய்கிறவர். டாக்டர்கள் அளவெடுத்து அனுப்பும் அச்சுகளை வைத்துப் பல் வரிசை கட்டித் தருவார். "ஊர்ல பாதிப் பேர் என் பல்லாலதான் சிரிக்கறாங்க" என்று பெருமையடிப்பார். அவருடைய பட்டறை ஒரு நாற்சந்தியின் அந்தப் பக்கம். இந்தப் பக்கம் மூன்றாவது மாடியில் என் அலுவலகம், போக்குவரத்துக் கட்டுப்பாட்டு அறை. நடுவில் இருபத்து நான்கு மீட்டர் சாலை. சாலையின் நடுவே ஒரு ஆள் நிற்கிற அளவுக்குச் சிமெண்ட் மேடை.

சிக்னல்களை இயக்கும் கணக்கு என்னுடையது. சாலையில் வண்டிகள் சேர்வது தொட்டியில் தண்ணீர் ஏறுவது போல, கொஞ்சம் கொஞ்சமாக, விடாமல் நடக்கும். சிக்னல் அப்படியில்லை. குழாயைத் திறந்து மூடுவது போலப் பச்சையிலிருந்து சிவப்புக்கு ஒரே தாவலாகத் தாவும். ஒழுகுவதையும் தாவுவதையும் ஒரே கணக்கில் கட்டிப் போடுவதுதான் என் வேலை. வரிசை நாற்பது வண்டியைத் தொட்டால் சிக்னல் 'நெரிசல் முறை'க்கு மாறும். இருபத்தைந்துக்குக் கீழே இறங்கினால்தான் பழைய முறைக்குத் திரும்பும். இரண்டுக்கும் ஒரே எண்ணை வைத்தால், முடிவெடுக்கத் தெரியாத மாப்பிள்ளை போல முறை மாறி மாறித் தள்ளாடும். அதற்காகத்தான் இந்த இடைவெளி. ஆனால் எங்கள் சந்தியில் வரிசை எங்கே இருபத்தைந்துக்கு இறங்குகிறது? காலை எட்டு மணிக்கு நெரிசல் முறை பிடித்தால் இருட்டும்வரை விடாது.

அந்த முறையில் நடப்பவர்களுக்கு எத்தனை விநாடி என்பதற்கு ஒரு விதி உண்டு. கேமராவில் பார்த்தவர்களிலேயே மிக மெதுவானவர் முழுதாகக் கடந்துவிட வேண்டும். ஒரு காலைப் பொழுதில் இருநூற்றுப் பன்னிரண்டு பேரை அளந்தேன். இருநூற்றுப் பதினோரு பேர் இருபத்திரண்டு விநாடிக்குள் கடந்தார்கள். ஒருவருக்கு மட்டும் முப்பத்தொன்று.

அந்த ஒருவரைச் சேர்த்தால், நெரிசலைக் குறைக்கச் சொல்லிப் போக்குவரத்து வாரியம் கேட்ட இலக்கு கிடைக்காது. விட்டுவிட்டால் வண்டிகள் காத்திருக்கும் நேரம் பதினெட்டு சதவீதம் குறையும். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மேலிருந்து எடுத்த படம், முகம் தெரியவில்லை. ஆனால் அந்தச் சாய்ந்த நடையை நான் உலகத்தில் எங்கே பார்த்தாலும் கண்டுபிடிப்பேன்.

தெரிந்துதான் நீக்கினேன். நீக்கியதற்குக் காரணம் எழுதும் கட்டத்தில் 'கருவிப் பிழை' என்று எழுதினேன்.

நடப்பவர்களுக்கான பச்சை முப்பத்து நான்கு விநாடியாக இருந்தது இருபத்திரண்டானது. எனக்குக் கேடயம் கொடுத்தார்கள். அவர்தான் அதைத் துடைத்து, டிவிக்கு மேலே வைத்தார்.

அதற்குப் பிறகு பதினோரு மாதம். வாரத்துக்கு ஒரு தடவையாவது சாப்பிடும்போது நிமிர்ந்து பார்ப்பார்.

"உன்கிட்ட ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்க."

"அந்த உப்பு டப்பாவை இப்படித் தள்ளு."

இன்னொரு நாள், "ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன்... குடையை எங்க வச்சே?" உப்பும் குடையும் அவர் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருக்கும். சிக்னலைப் பற்றித்தான் கேட்க வருகிறார் என்று எனக்குத் தெரியும். கேட்டுவிடப் போகிறாரே என்ற பயத்தில் நானே பேச்சை மாற்றுவேன். சாயங்காலம் இருவரும் பஸ்ஸிலிருந்து இறங்கியதும், "பால் வைக்கணும், நான் முன்னாடி போறேன்" என்று ஓடிவிடுவேன். அவர் வந்து சேர்வதற்குள் பால் பொங்கி, ஆறி, ஆடை படிந்திருக்கும்.

நேற்று மதியம் கட்டுப்பாட்டு அறையில் இருந்தேன். எங்கள் ஆப்பரேட்டர் பெண் வாய் மூட மாட்டாள். அவளுக்கு ரேடியோ என்றுதான் பெயர்.

"அக்கா, ஓடி வாங்க. தீவு ராஜா வந்துட்டார்!"

"யாரு?"

"தினம் நடு மேடையில மாட்டிக்குவாரே, அவர்தான். ரெண்டு நிமிஷம் ராஜ்ஜியம் பண்ணிட்டு அப்புறம்தான் கரை ஏறுவார். நாங்க பந்தயமே கட்டுவோம். உங்களுக்குத் தெரியாதா?"

திரையில் என் கணவர், கையில் அட்டைப் பெட்டியோடு. இருபுறமும் வண்டிகள் சீறிக்கொண்டிருந்தன. ரேடியோ சிரித்தாள். நானும் சிரித்தேன். அதை எப்படிச் சொல்வது? வாய் தானாகச் சிரித்துவிட்டது.

அப்போது ஒரு வேன் மேடையை உரசுவது போலப் போனது. அவர் பின்வாங்கியதில் பெட்டி கவிழ்ந்தது. வெள்ளை வெள்ளையாகப் பல் அச்சுகள் தார்ச் சாலையில் உருண்டன.

"ஐயோ பல்லு! அக்கா, ரோடே பல்லைக் காட்டுது!"

குனிந்து, எட்டுகிற நான்கைந்தை எடுத்தார். மற்றவற்றின் மேல் வண்டிகள் ஏறிப் போயின. பிறகு நிமிர்ந்து நேராகக் கேமராவைப் பார்த்தார். அது இருக்கும் கம்பத்தை நான்தான் ஒரு நாள் ஆசையாகக் காட்டியிருந்தேன். 'இது வழியா உங்களைப் பார்த்துக்கிட்டே இருப்பேன்' என்று வேறு சொல்லியிருந்தேன். ஒரு கணம்தான் பார்த்தார். உடனே திரும்பி, கேமராவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்.

வெட்கப்பட்டுத் திரும்பவில்லை. எனக்குத் தலைகுனிவு வரக் கூடாதென்று முகத்தை மறைத்துக்கொண்டார்.

"அது என் வீட்டுக்காரர்" என்றேன்.

ரேடியோ வாயடைத்துப் போனதை நேற்றுதான் பார்த்தேன். "அக்கா... சத்தியமாத் தெரியாதுக்கா..."

"உனக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்ல?"

அந்தக் கணக்கின் ஃபைலை எடுத்துக்கொண்டு தலைமைப் பொறியாளர் அறைக்குப் போனேன். அந்தக் கட்டத்தைக் காட்டினேன். அவர் மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு படித்தார்.

"கருவிப் பிழைன்னா எந்தக் கருவி?"

"எதுவும் இல்லை சார். ஆள். தெரிஞ்சேதான் எடுத்தேன்."

ஃபைலை மூடி என் பக்கம் தள்ளினார். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது. "நடந்ததை நடந்தபடி எழுதிக் குடு. நேரத்தை இப்பவே பழையபடி மாத்தச் சொல்றேன். வாரியத்துக்கு நீதான் போய்ப் பதில் சொல்லணும். நான் பக்கத்துல உக்காருவேன், வாயைத் திறக்க மாட்டேன்."

"சரி சார். கேடயத்தையும் கொண்டு வந்து குடுத்துடறேன்."

"அதை வச்சு நான் என்ன பண்ண?" என்றார் எரிச்சலாக.

தினமும் ஐந்தரைக்கு என் கணவர்தான் சாலையைக் கடந்து, என் அலுவலக வாசலிலுள்ள பஸ் நிறுத்தத்துக்கு வருவார். நேற்று ஐந்து மணிக்கே நான் அந்தப் பக்கம் போனேன். பட்டறையில் உடைந்த அச்சுகளை மேஜையில் பரப்பி, எது யாருடையது என்று சீட்டு ஒட்டிக்கொண்டிருந்தார். மூன்று பேர் மறுபடி அளவு கொடுக்க வர வேண்டுமாம்.

"நீ எங்க இந்தப் பக்கம்?"

நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். இருநூற்றுப் பன்னிரண்டு பேர், முப்பத்தொரு விநாடி, நான் எழுதிய இரண்டு வார்த்தை, மதியம் சிரித்த சிரிப்பு. சிரிப்பைத்தான் கடைசியில் சொன்னேன்.

சீட்டு ஒட்டிய விரல் அப்படியே நின்றது. "கருவிப் பிழையா?" என்றார். சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. "அது நான்தான்னு தெரிஞ்சுமா?"

"தெரிஞ்சுதாங்க."

எழுந்து ஷட்டரை இழுத்தார். உதவிக்குக் கை நீட்டினேன், விலக்கவில்லை. சாலையோரம் வந்து நின்றோம். சிவப்பு எரிந்தது.

"முப்பத்து நாலு ஆக்கியாச்சு. இனிமே நீங்க கேக்கவே வேண்டாம்" என்றேன்.

"எதை?"

"பதினோரு மாசமா கேக்க வந்து கேக்க வந்து முழுங்கினீங்களே, அதை."

"அதுவா?" என்றார் ஆச்சரியமாக. "நான் கேக்க நினைச்சது சிக்னல் இல்லையே. ரெண்டு நிமிஷம் மேடையில நின்னா கால் ஒண்ணும் தேஞ்சு போயிடாது."

"அப்ப வேற என்ன?"

சாலையைப் பார்த்தார். பிறகு என் கையிலிருந்த பையைப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்கு நன்றாகத் தெரியும்.

"குடை எங்கன்னு மட்டும் கேட்டுடாதீங்க" என்றேன். "சொல்லுங்க."

பச்சை விழுந்தது. எங்களைச் சுற்றி நின்றவர்கள் எல்லோரும் இறங்கி நடந்தார்கள். அவர் நகரவில்லை. நானும் நகரவில்லை.

"பஸ்ஸை விட்டு இறங்கினதும் பால் வைக்கணும்னு ஓடிடறியே," என்றார், என் முகத்தைப் பார்க்காமல். "ஓடாதே. வீடு வரைக்கும் என்கூடவே நட."