முதல் இரண்டு நிமிடத் தண்ணீர்

1

இந்தக் கதை ஒரு துண்டறிக்கையிலிருந்து பிறந்தது. அதை எழுதியவன் நான். கதை எழுதுகிறவனுக்குத் துண்டறிக்கை எழுத வராது என்பார்கள். எனக்கு நன்றாகவே வந்தது, அதுதான் வினை.

முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘ஒரு துளி நீருக்குள் முழு வானத்தையும் கண்டவள் அவள், ஆகவே…’ வேண்டாம். அவள் என் அக்கா. துளிக்குள் அவள் தேடியது கிருமியை. நகரக் குடிநீர்ச் சோதனைக்கூடத்தில் பத்தொன்பது வருட வேலை.

2

தன் கையால் சோதித்து, நல்லதென்று கையெழுத்துப் போட்ட தண்ணீரை விட்டுவிட்டு ஊரே பாட்டில் வாங்குகிறதே என்று அக்காவுக்கு ஆற்றாமை. பக்கத்துத் தெருப் பள்ளியில் பாட்டில் கொண்டுவராத பிள்ளைகள் மதியம்வரை நாக்கு வறண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்தாள். மூடிக்கிடந்த பள்ளிக் குழாயைத் திறக்கவைக்காமல் ஓய்வதில்லை என்று வரிந்துகட்டிக்கொண்டு இறங்கினாள். வீடு வீடாகப் போய்ப் பெற்றோரிடம் பேசினாள். அவர்களுக்குக் கொடுக்கத் துண்டறிக்கை எழுதும் வேலையை என்னிடம் விட்டாள்.

[இங்கே அவளைக் கொஞ்சம் சிடுமூஞ்சியாகக் காட்டினால் பாத்திரம் நம்பும்படி இருக்கும். ஆனால் அவள் அப்படி இல்லையே.]

3

மாதிரி எடுக்குமுன் குழாயை இரண்டு நிமிடம் ஓடவிடுவது சோதனைக்கூடத்து வழக்கம். பள்ளிக்குள் இருந்ததோ பழைய ஈயக் குழாய். இரவெல்லாம் தேங்கும் நீரில் ஈயம் கரையும், ஓடவிட்டால் போய்விடும். புதுக் குழாய் போடும்வரை அது போதும் என்று அக்கா நம்பினாள். துண்டறிக்கைக்கான குறிப்பில் எழுதியும் கொடுத்தாள்: ‘காலையில் முதல் இரண்டு நிமிடத் தண்ணீரைக் குடிக்காதீர்கள்.’

அந்த வரியை நான் வெட்டினேன்.

“அந்த வரி எங்கடா?” என்று கேட்டாள்.

“நல்ல தண்ணின்னு சொல்லிட்டு அடுத்த வரியிலேயே குடிக்காதீங்கன்னா, யாரு குடிப்பாங்கக்கா? குழாயைத் திறக்கிற ஸ்கூல் வாட்ச்மேன்கிட்ட நான் நேர்ல சொல்லிடறேன்.”

நான் பள்ளிக்குப் போன அன்று அவர் விடுப்பு. அப்புறம் மறந்துவிட்டேன்.*

* ‘மறந்துவிட்டேன்’ என்பதை நான்கு முறை மாற்றிப் பார்த்தேன். வேறு சொல் அகப்படவில்லை.

4

அக்கா நினைத்தபடி பள்ளிக் குழாய் திறந்தது. வாட்ச்மேன் கடமை தவறாதவர். ஆறரைக்கே குழாயைத் திறந்து, முதலில் வந்த தண்ணீரிலேயே பிள்ளைகளுக்கான டிரம்மை நிரப்பிவைத்தார். ஏழு மாதம் தவறாமல் நிரப்பினார்.

பதினொரு பிள்ளைகளின் ரத்தத்தில் ஈயம். பாடம் மனதில் நிற்கவில்லை என்று பிள்ளையை மருத்துவரிடம் கூட்டிப்போன ஒரு தாயால்தான் அது தெரியவந்தது. மருத்துவர் நேராகவே சொல்லிவிட்டார்: கெட்டது கெட்டதுதான், இனிச் சரியாகாது.

குழாயை மூடினார்கள். பள்ளி வாசலில் பாட்டில் வண்டி வந்து நின்றது. அக்கா பேச்சைக் கேட்டுக் குழாய்க்கு மாறிய வீடுகள்கூட மறுபடி பாட்டிலுக்குப் போய்விட்டன. வாங்க முடியாதவர்கள் வீட்டுக் குழாய்த் தண்ணீரைப் பயந்து பயந்து குடிக்கிறார்கள். விசாரணையில் துண்டறிக்கை முழுக்கத் தான் எழுதியது என்றாள் அக்கா. வேலை போயிற்று.

5

முதல் முடிவு: அக்காவின் குறிப்பை எடுத்துக்கொண்டு தம்பி விசாரணைக்குப் போகிறான். (போகவில்லை. அன்று வீட்டில் உட்கார்ந்து இரண்டாம் பகுதியைத் திருத்திக்கொண்டிருந்தேன்.)

இரண்டாம் முடிவு: புதுக் குழாய் வருகிறது, பிள்ளைகள் வரிசையில் நின்று இரு கைகளையும் குவித்து…

எழுத மனம் ஒப்பவில்லை. முடிவை வாசகரிடம் ஒப்படைப்பது எங்கள் தொழிலில் கௌரவமான காரியம். வீட்டில் அதற்கு நழுவுதல் என்று பெயர்.

நேற்று அக்கா வந்தாள். மேசையில் கிடந்த தாள்களைப் பார்த்தாள், எடுத்துப் படிக்கவில்லை. கதையா என்று கேட்டாள். ஆமாம் என்றேன். கிளம்பி, செருப்பை மாட்டிக்கொண்டே கேட்டாள்:

“அதுல அந்தப் பசங்களுக்குச் சரியாயிடுதாடா?”

அவள் இன்னும் வாசலில்தான் நிற்கிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்களே ஏதாவது சொல்லி அனுப்புங்கள்.