கதவுக்குக் கீழால் வந்த வெளிச்சம்

வேலணையில் அம்பிகையின் வீடு பல வருடமாகப் பூட்டிக் கிடக்கிறது. அம்பிகை குடும்பத்தோடு கனடாவில். அவளுடைய சின்னம்மாவின் மகள் சிவரூபிதான் இரண்டு வளவு தள்ளியிருந்து வீட்டைப் பார்த்துக்கொள்கிறாள். கிழமைக்கு ஒருக்கால் முற்றம் கூட்டுவாள். வெள்ளிக்கிழமைகளில் சாமியறையில் விளக்கு வைப்பாள். ஆளில்லாத வீட்டுக்குக் கரண்ட் எதற்கென்று இணைப்பையும் வெட்டியாயிற்று.

கார்த்திகை மழை சற்று ஓய்ந்த ஒரு மத்தியானம் அம்பிகை போன் எடுத்தாள். அங்கே இன்னும் விடியவில்லை.

"ரூபி, பின்பக்கச் சாமான் அறையை ஒருக்காப் பாக்கிறியே? போன மாரிக்கே அந்த மூலை ஒழுகினது. மெத்தையெல்லாம் அதுக்குள்ளதான் கிடக்கு."

"இப்பவே போறன் அக்கா. லைனிலேயே நில்லுங்கோ."

சிவரூபியின் புருசன் நடராசா யாழ்ப்பாணத்தில் ஒரு கடையில் வேலை. பிள்ளைகள் பள்ளிக்கூடம் போயிருந்தார்கள். காற்றுக்குக் காலையிலேயே அவள் வீட்டில் கரண்ட் நின்றுவிட்டதால் போனுக்குச் சார்ஜ் போடவில்லை. பாதிக்கும் குறைவாகத்தான் இருந்தது. ஒரு அறையைப் பார்த்துவிட்டு வர அது போதாதா?

சாமான் அறைக்கு ஒரே ஒரு யன்னல். முந்தி ஒருமுறை கள்ளன் அதன் கம்பியைக் கழற்றியதால், பெரிய அலுமாரியை இழுத்து யன்னலை மறைத்து வைத்திருந்தார்கள். பட்டப்பகலிலும் உள்ளே இருட்டுத்தான். சிவரூபி செருப்பை வாசலில் கழற்றினாள். போனின் ரோச் லைற்றைப் போட்டு, அம்பிகையின் குரலை ஸ்பீக்கரில் விட்டுக்கொண்டு உள்ளே போனாள். அடுக்கிய கதிரைகள், ஒரு பெட்டகம், சுருட்டிக் கட்டிய பாய்கள், பொலித்தீன் போர்த்திய மெத்தைகள். வெளிச்சத்தை மேலே பிடித்துக் கூரை ஓடுகளைப் பார்த்தாள்.

"ஒழுகேல்லை அக்கா. சுவர் கொஞ்சம் ஊறிப்போய்க் கிடக்கு, அவ்வளவுதான்."

அப்போதுதான் வாடைக்காற்று ஒன்று வீட்டுக்குள் புகுந்து கதவை அறைந்து சாத்தியது. அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. பிறகு சிரித்தாள். கதவடிக்குப் போனபோதுதான் சிரிப்பு நின்றது. உள்பக்கம் திறக்கிற கதவு. மழைக்கு ஊதியிருந்த பலகை நிலைக்குள் இறுகிவிட்டது. உள்ளே பிடித்து இழுக்கக் கைபிடி இல்லை. எப்போதோ கழன்று விழுந்திருக்கிறது. விளிம்பில் நகத்தைக் கொடுத்து இழுத்தாள். நகம்தான் கிழிந்தது.

"என்னடி செய்யிறாய்?"

"கதவு இறுகிப்போச்சு அக்கா. பொறுங்கோ…"

எங்கோ காற்றுப் போவதுபோல ஒரு சத்தம் கேட்டது. குக்கர் விசில் அடிக்குமுன் இரைவதுபோல, நீளமாக.

"அக்கா, உங்கட பக்கம் ஏதும் இரையுதே?"

"இல்லையே. இஞ்ச எல்லாரும் நித்திரை."

சிவரூபி கதவில் முதுகைக் கொடுத்தபடி மெல்லத் திரும்பி வெளிச்சத்தைக் கீழே இறக்கினாள். கதிரைக் கால்களுக்கு நடுவில், அவள் சற்று முன் கடந்து வந்த வழியில், தடித்த கயிற்றைச் சுருட்டி வைத்ததுபோல அது கிடந்தது. உடம்பு முழுக்கச் சங்கிலி கோத்ததுபோல, கண்ணாடி விரியனுக்கே உரிய வட்டங்கள். இரைச்சல் அதனிடமிருந்துதான் வந்தது.

"ரூபி? ஏன் பேசாமல் நிக்கிறாய்?"

"புடையன் பாம்பு அக்கா." கதவோடு இன்னும் ஒட்டிக்கொண்டாள். "எனக்கு முன்னால கிடக்கு."

"ஐயோ அம்மாளே! வெளியில ஓடு!"

"ஏலாது. கதவு திறக்குதில்லை."

நடராசா டவுனிலிருந்து பஸ் பிடித்து வர ஒரு மணித்தியாலத்துக்கு மேலாகும். பக்கத்து வளவில் இருப்பவர் அப்புத்துரை. அவருக்கும் அம்பிகைக்கும் எல்லை வேலியில் தகராறு. வழக்கு இன்னும் நடக்கிறது. வீட்டைப் பார்ப்பவள் என்பதால் அவர் சிவரூபியோடும் பேசுவதில்லை.

"நான் ஆரையாவது அனுப்புறன். நீ அசையாதை. லைற்றை நிப்பாட்டிப் போடாதை," என்று சொல்லி அம்பிகை போனை வைத்தாள்.

கை நடுங்க வெளிச்சமும் நடுங்கியது, கதிரைகளின் நிழல்கள் சுவரில் ஆடின. பாம்பு நகர்கிறதா, நிழல் நகர்கிறதா என்று விளங்கவில்லை. மற்றக் கையால் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தாள். பாம்பு கண்ணுக்குத் தெரியும்வரை எப்படியோ நிற்கலாம் போலிருந்தது.

திடீரென்று போன் அதிர்ந்தது. தெரியாத நம்பர்.

"சிவரூபியோ? நான் லண்டனிலயிருந்து கதைக்கிறன். ஊர்க் கோயில் வட்ஸ்அப் குறூப்பில அம்பிகை அழுதுகொண்டு சொன்னவ, உம்மட நம்பரையும் போட்டவ. பாம்பு எவ்வளவு நீளம்?"

அதை வெட்டினாள். அடுத்தது சுவிஸ். "பிள்ளை, நயினாதீவு அம்மாளை நினைச்சுக்கொண்டு நில்லும்." அதற்கடுத்தது எந்த நாடென்றே தெரியவில்லை. வெட்டவெட்ட வந்துகொண்டிருந்தது. ஊர்ச்சனம் முழுக்கப் பாசத்தோடு போன் எடுத்துக்கொண்டிருந்தது. ஒவ்வொரு அழைப்புக்கும் போன் கைக்குள் துடித்தது. பற்றரி சிவப்புக்கு இறங்கியது.

"எனக்குப் போன் எடுக்காதேங்கோ! தயவுசெய்து ஒருத்தரும் எடுக்காதேங்கோ!" என்று ஒருவருக்குச் சொல்லி முடிப்பதற்குள் திரையில் ஒரு அறிவித்தல் வந்தது. சார்ஜ் குறைவு, ரோச் பாவிக்க ஏலாது. வெளிச்சம் பட்டென்று நின்றது.

திரையின் வெளிச்சத்தை நிலத்துக்குத் திருப்பினாள். அவளுடைய பெருவிரல்கள் மட்டும் மங்கலாகத் தெரிந்தன. கதிரையடி தெரியவில்லை. பிறகு திரையும் கறுத்துப்போனது.

கதவின் அடியில் கறையான் அரித்த இடைவெளி ஒன்று இருந்தது. அதில் சாம்பல் நிறமாக ஒரு கோடு மட்டும். இரைச்சல் நின்றுவிட்டது. அது இன்னும் பயமாக இருந்தது. இரையும் வரைக்கும் அது எங்கே இருக்கிறதென்று தெரிந்தது. "ஆராவது வாங்கோ!" என்று கத்தினாள். அதே நேரம் ஓட்டின் மேல் மழை பிடித்துக்கொண்டது. அவளுடைய சத்தம் அவளுக்கே கேட்கவில்லை.

மழை சற்றுத் தணிந்தபோது பொலித்தீன் சரசரத்தது. பிறகு ஒன்றுமில்லை. பிறகு இடது காலின் மேல் ஏதோ ஏறியது.

பாரமாக இருந்தது, ஈரச்சாக்கு மாதிரி. அது மெல்ல இழுபட்டு, பாதத்தின் குறுக்கே வந்து, அப்படியே நின்றது. சிவரூபி வாயைத் திறந்தபடி நின்றாள். தொடை துடித்தது. அந்தத் துடிப்பு பாதத்துக்கு இறங்கிவிடக் கூடாதென்று பல்லைக் கடித்தாள். பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகளுக்கு, பூட்டிய வீட்டின் திறப்பு தன் சட்டைப்பையில் இருக்கிறது என்ற நினைப்பு ஒன்றே திரும்பத் திரும்ப வந்தது.

வெளியே காலடிச் சத்தம்.

"உள்ளுக்குள்ள ஆர், சிவரூபியே? நான் அப்புத்துரை. அம்பிகை எடுத்துச் சொன்னவ. விலகி நில்லும், தள்ளித் திறக்கிறன்."

"வேண்டாம் அண்ணை!" கத்தவும் பயம், கத்தாமல் விடவும் பயம். "தள்ளாதேங்கோ. என்ர காலுக்கு மேல கிடக்கு."

வெளியே அசைவு நின்றது. "பாம்பு உயிரோடயோ கிடக்கு?"

"ஓம்."

"லைற் இருக்கோ?"

"போன் செத்துப்போச்சு."

பிறகு நிலத்தில் முட்டுக்கால் குத்தும் சத்தம் கேட்டது. தன்னுடைய போனின் ரோச்சைப் போட்டு, கதவடியில் சரித்து வைத்தார். கறையான் அரித்த இடைவெளியால் வெள்ளை வெளிச்சம் தரையோடு தரையாகப் பரவி உள்ளே வந்தது. சிவரூபி கண்ணை மட்டும் தாழ்த்தினாள். பாதத்தின் மேல் அந்தச் சங்கிலி வட்டங்கள். தலை அவளுடைய வலது காலுக்குப் பக்கத்தில்.

"இப்ப தெரியுதோ?"

"தெரியுது அண்ணை."

"அது போற மட்டும் நான் இஞ்சதான் இருக்கிறன். அவசரமில்லை. மூச்சை மெல்ல விடும்."

எவ்வளவு நேரம் என்று இருவருக்கும் தெரியாது. பாம்பு தலையைத் தூக்கியது, இறக்கியது. பிறகு உடம்பு முன்னே இழுபடத் தொடங்கியது. வால் முனை காலை விட்டு இறங்கி, சுருட்டிய பாய்களுக்குள் போய் மறைந்தது. சிவரூபி பக்கச் சுவரோடு ஒட்டி ஒதுங்கினாள்.

"இப்ப தள்ளுங்கோ!"

அவர் தோளைக் கொடுத்து இடித்தார். இரண்டாம் இடிக்குக் கதவு திறந்தது. அவள் வெளியே வந்து விறாந்தை நிலத்தில் விழுந்தாள். கால் இரண்டும் அவளுடையவை அல்லாததுபோல் கிடந்தன.

"கடிச்சதோ?"

"தெரியாது அண்ணை. ஒண்டும் தெரியேல்லை."

அவர் அதே போன் வெளிச்சத்தை இரண்டு பாதத்திலும் விரல் விரலாகப் பிடித்துப் பார்த்தார். காயமில்லை. ஆனாலும் விடவில்லை, மழைக்குள் மோட்டார்சைக்கிளில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். புடையன் விஷம் ஏறினால் இரத்தம் உறையாது என்பதால், அங்கே இரத்தம் எடுத்து உறைகிறதா என்று பார்த்தார்கள். உறைந்தது. தாதி வந்து பயமில்லை என்று சொன்ன பிறகுதான் சிவரூபிக்கு அழுகை வந்தது.

அப்புத்துரையின் போனில் அம்பிகை மறுபடி வந்தாள். அவளும் அழுதாள். அவர், "வழக்கைப் பிறகு பாப்பம். பிள்ளைக்குச் சுகம்," என்று மட்டும் சொல்லிப் போனை நீட்டினார்.

அடுத்த நாள் நடராசா ஆட்களைக் கூட்டிப்போய் அறையை வெறுமையாக்கினான். பாம்பு அகப்படவில்லை.

கடிக்கவில்லை என்று எல்லோரும் சிவரூபிக்குச் சொன்னார்கள். அவளுக்கும் அது தெரியும். ஆனால் அந்த மாரி முடியும்வரை அவள் கிணற்றடியில் இடது காலைச் சவுக்காரம் போட்டுத் தேய்த்துத் தேய்த்துக் கழுவுவாள். படுத்தாலும் அந்தக் காலைப் போர்வைக்குள் விடமாட்டாள். எதுவும் அதன் மேல் கிடக்கக்கூடாது, ஒரு துணிகூட.