குளம் நடந்த பதினாறு பக்கங்கள்

தடித்த நாவல் ஒன்றை நாலாக வெட்டுவதென்றால் முதலில் அதன் முதுகைப் பார்க்க வேண்டும். பசை மட்டும் பூசி ஒட்டியதா, நூலால் தைத்ததா என்பது அங்கேதான் தெரியும். தைத்த புத்தகத்தில் பெரிய தாளொன்றை மடித்து மடித்துப் பதினாறு பக்கங்களாக்கி, அப்படியான மடிப்புகளை அடுக்கித் தைத்திருப்பார்கள். இரண்டு மடிப்புகளுக்கு நடுவே கத்தியை விட்டால் ஓர் எழுத்துக்கும் காயம் வராது. பிறகு நூலை முடிந்து, பசை தடவி, துணி ஒட்டிவிட்டால் ஒரு புத்தகம் நாலு புத்தகமாகிவிடும்.

கிளிநொச்சிச் சந்தைக்குப் பக்கத்தில் போட்டோக் கொப்பிக் கடை வைத்திருக்கும் றிபாசுக்கு இது கைவந்த வேலை. மாயக்கதைப் பிரியர்கள் நாலு பேர் சேர்ந்து சென்னையிலிருந்து ஒரு பிரதிதான் எடுப்பிப்பார்கள். முதலாவது ஆள் முதல் பாகத்தை முடித்து இரண்டாவதைத் தொடும்போது, முதல் பாகம் அடுத்த ஆளிடம் போய்விடும். இப்படி நாலு பேரும் ஒரே கதைக்குள் ஒரே காலத்தில் இருப்பார்கள், ஆளுக்கொரு பாகம் முன்பின்னாக.

வரிசையில் முதலில் சஜீவன், அடுத்தது றிபாஸ், மூன்றாவது ஆஸ்பத்திரித் தாதி சிவரூபி. நாலாம் இடத்தில் ஆட்கள் மாறிக்கொண்டிருந்தார்கள். சஜீவனுக்கு அக்கராயனில் வயல். வரம்பில் இருந்து வாசிப்பவன், ஒரு நல்ல இடம் வந்ததும் அங்கிருந்தே றிபாசுக்குப் போன் எடுப்பான்.

"மச்சான், அவள் சங்கைத் திறந்திட்டாளடா!"

"சொல்லாதையடா, நான் இன்னும் அந்த இடத்துக்கு வரேல்லை."

"சரி, சொல்லேல்லை. ஆனா திறந்திட்டாள்."

அந்த அழைப்புக்காகத்தான் றிபாஸ் வாசித்தான் என்று சொன்னாலும் பிழையில்லை.

அந்தச் சங்கு கூதிர்வேலன் என்ற எழுத்தாளருடையது. அவர் கதைகளில் வரும் உப்பு நகரத்தில் ஒரு சொல்லைச் சங்குக்குள் பூட்டி வைக்கலாம். திறந்தால் ஒரே ஒரு தரம் கேட்கும்; திறந்தவருக்கு அந்தச் சொல் அதோடு மறந்துபோகும். ஐந்து புத்தகங்களிலும் அந்த விதி ஓரிடத்திலும் பிசகவில்லை. மாயம் என்றால் அதற்கொரு கணக்கு வேண்டும், எது கிடைத்தால் எது போகும் என்று வாசிப்பவனுக்குத் தெரிய வேண்டும் என்பது றிபாசின் கட்சி. சஜீவனும் அதே கட்சிதான், விதுசன் வரும்வரைக்கும்.

விதுசன் வவுனியாவிலிருந்து மாற்றலாகி வந்த வங்கிக்காரன். நாலாம் இடத்துக்கு வந்த முதல் ஞாயிற்றுக்கிழமையே, கடையின் பின்னறையில் தேத்தண்ணி ஆறுவதற்குள், முகில்நாச்சி என்ற பெயரைச் சொன்னான்.

"அவான்ர புதுப் புத்தகத்தில ஒரு குளம் எழும்பி நடக்குது, அண்ணை. வருசத்தில ஒருநாள். விடிய எழும்பிப் பார்த்தா வயலுக்கு முன்னால வெறும் பள்ளம்."

சஜீவன் கோப்பையைக் கீழே வைத்தான். "அப்ப மீன்?"

"மீனும் சேர்ந்து போகும்."

"குளக்கட்டு?"

"கட்டு அங்கயே நிக்கும். குளம்தான் போகும்."

"எட, அக்கராயன் குளம் அப்பிடி வெளிக்கிட்டா..." என்று தொடங்கிய சஜீவன் அதற்குப் பிறகு நிறுத்தவில்லை. வாய்க்கால் தண்ணி யாருக்கு, முறை தப்பினால் யாரைக் கேட்பது, குளத்தைக் கூட்டிவர யார் போவது என்று இரண்டு பேரும் ஒரு மணி நேரம் கதைத்தார்கள்.

"குளம் ஏன் நடக்குது?" என்று றிபாஸ் கேட்டான்.

"அது வாசிச்சாத்தானே தெரியும். இதெல்லாம் விமர்சனத்தில பார்த்தது, நானும் முந்தின புத்தகங்கள்தான் வாசிச்சனான்," என்றான் விதுசன்.

இந்தக் குழுவில் ஒரு வழக்கம் உண்டு. புது எழுத்தாளரைக் கொண்டு வருகிறவர் அந்தப் புத்தகத்துக்கு வரிசையில் தன் இடத்தைத் தானே தெரிந்தெடுக்கலாம். அந்த வழக்கத்தை ஏற்படுத்தியதே றிபாஸ்தான், கூதிர்வேலனைக் கொண்டு வந்தபோது. இப்போது விதுசன் யோசிக்காமல் சொன்னான்: "நான் சஜீவன் அண்ணைக்கு அடுத்ததா வாறன்."

சிவரூபி சிரித்தாள். "றிபாஸ் அண்ணேன்ர கதிரையைத் தூக்கிப் போட்டியள், தம்பி."

"கதிரையில என்ன கிடக்கு," என்றான் றிபாஸ். தேத்தண்ணி கசந்தது.

புத்தகம் வந்தது. தைத்த புத்தகம், நல்ல வேலை. றிபாஸ் முதலிரண்டு பாகங்களைக் கட்டிக் கொடுத்தான். மற்ற இரண்டையும் ஆறுதலாகக் கட்டலாம் என்று வைத்திருந்தான்.

சஜீவனின் போன் வரவில்லை.

அதிலே பிழை சொல்லவும் முடியாது. றிபாஸ் இன்னும் முதல் பாகத்தையே வாசிக்கவில்லை. அவனோடு எதைக் கதைப்பது? ஒருநாள் தானே அழைத்துப் பார்த்தான். எத்தனை தரம் எடுத்தாலும் லைன் பிசி. பின்னேரம் விதுசன் பேனை வாங்கக் கடைக்கு வந்தபோது அவனுடைய போன் அடித்தது. திரையில் சஜீவனின் பெயர்.

"அண்ணை, அந்தக் கிழவன் பள்ளத்துக்க இறங்கிப் படுத்தான் பாருங்கோ..." என்று சொல்லிக்கொண்டே விதுசன் றோட்டுக்குப் போய்விட்டான், பேனையையும் மறந்து.

எந்தக் கிழவன்? றிபாசுக்கு வயிறு எரிந்தது.

நாலாம் பாகத்தைக் கட்ட அவன் அன்றைக்குத்தான் உட்கார்ந்தான். மடிப்புகளைச் சரிபார்த்துக்கொண்டு வரும்போது ஒரு விசயம் கண்ணில் பட்டது. புத்தகம் கட்டுகிறவனுக்கு மட்டும் படக்கூடிய விசயம் அது. வழமையாக அத்தியாயங்கள் மடிப்புக்கு நடுவே தொடங்கி, அடுத்த மடிப்புக்குள் போய் முடியும். இங்கே ஓர் அத்தியாயம் ஒரு மடிப்பின் முதல் பக்கத்தில் தொடங்கி, அதே மடிப்பின் கடைசிப் பக்கத்தில் முடிந்திருந்தது. முகில்நாச்சி அத்தியாயங்களுக்கு எண்ணும் போடவில்லை, தலைப்பும் போடவில்லை. சின்னதாக ஓர் ஈரப் பாதச்சுவடு மட்டும்தான். இந்த ஒரு மடிப்பை உருவி எடுத்தால் எந்த வசனமும் அறுந்து தொங்காது. பக்க எண் மட்டும் பதினாறால் தாவும். கதையின் உச்சத்தில் நிற்கிறவன் பக்க எண்ணையா பார்க்கப் போகிறான்?

வாசித்தும் பார்த்தான். குளம் ஏன் நடக்கிறது என்பதற்கான மறுமொழி முழுக்க அந்தப் பதினாறு பக்கங்களில்தான் இருந்தது.

கை தானாகவே நூலை அறுத்தது. அறுத்த மடிப்பை மேசை லாச்சிக்குள், மைப்போத்தலுக்குக் கீழே வைத்தான். மற்றவற்றைத் தைத்துப் பசை தடவினான். தையல் மிக நேர்த்தியாக வந்தது.

நாலு பேரும் முடித்த பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமை றிபாஸ் முதல் ஆளாகத் தொடங்கினான்.

"எல்லாம் சரி. குளம் ஏன் நடந்தது? கடைசி வரைக்கும் சொன்னவாவோ? கூதிர்வேலன் எண்டா இப்பிடி விடுவாரோ? அவற்ற சங்குக்கு விதி இருக்கு. இது சும்மா கால் முளைச்ச குளம்."

சிவரூபி தலையாட்டினாள். "எனக்கும் அந்த இடத்தில ஏதோ குறையிற மாதிரித்தான் கிடந்தது."

றிபாஸ் சஜீவனைப் பார்த்தான். இனி இவன் திரும்பி வந்துவிடுவான்.

சஜீவன் தாடையைச் சொறிந்தான். "நானும் முதல் அப்பிடித்தான் நினைச்சனான், மச்சான். நாலு நாள் வரம்பில இருந்து யோசிச்சன். அது வெக்கத்தில நடக்குது. தண்ணிக்குச் சனம் அடிபடுறதைப் பார்க்கேலாம, ஒருநாளைக்கு முகத்தை மறைச்சுக்கொண்டு போகுது. அவா அதைச் சொல்லேல்லை. எங்களைச் சொல்ல வைச்சிருக்கிறா. கூதிர்வேலன் எல்லாத்தையும் தானே சொல்லிப்போடுவார். எங்களுக்கு ஒண்டும் மிச்சம் வைக்கமாட்டார்."

"அதுதான் அண்ணை! சொல்லாமல் விட்டதுதான் அவான்ர பெரிய கெட்டித்தனம்," என்று விதுசன் தொடையில் தட்டினான்.

"அவா சொல்..." என்று றிபாசின் வாய் திறந்துவிட்டது. மூடிக்கொண்டான்.

"என்ன?" என்றாள் சிவரூபி.

"ஒண்டுமில்லை. தேத்தண்ணி சுடுது."

அவன் உருவி எடுத்தது முகில்நாச்சியின் பதினாறு பக்கங்களை. அதற்குப் பதிலாக அவளுக்குக் கிடைத்தது சஜீவனின் நாலு நாள் யோசனை. இதைவிட நட்டமான வேலையை றிபாஸ் ஆயுளில் செய்ததில்லை.

அதைவிடப் பெரிய கரைச்சல் வேறொன்று. அந்தப் பதினாறு பக்கங்கள் அவனை விடவில்லை. குளம் வெட்கத்தில் நடக்கவில்லை. தன் கரையை விட்டுப்போன சனத்தைத் தேடி நடக்கிறது. வருசத்தில் ஒருநாள் ஊர் ஊராகப் போய், வாசல் வாசலாக நின்று, ஆட்கள் முகம் கழுவும் சத்தத்தை வைத்துத் தன் சனம் எது என்று அடையாளம் பிடிக்கிறது. முல்லைத்தீவை விட்டு வெளிக்கிட்ட குடும்பத்தில், புத்தளத்தில் பிறந்து திரும்பி வந்த றிபாஸ், அந்த இடத்தைக் காலையில் முகம் கழுவும்போதெல்லாம் நினைத்தான். அதற்கும் விதி இருந்தது, கூதிர்வேலனுக்குக் குறையாத விதி: தேடிக் கண்டுபிடிக்கும் ஒவ்வோர் ஆளுக்கும் குளம் ஒரு சாண் வற்றும். இதை யாரிடம் சொல்வது? உலகத்தில் ஒருவனிடம்தான் சொல்ல வேண்டும். அவனிடம்தான் சொல்ல முடியாது.

புதன்கிழமை மத்தியானம் கடையைப் பூட்டிவிட்டு மடிப்பைப் போட்டிருந்த சேட்டுக்குள் வைத்துக்கொண்டு மோட்டார்சைக்கிளை எடுத்தான்.

சஜீவன் வரம்பில் நின்றான். றிபாஸ் மடிப்பை நீட்டினான். சஜீவன் பாதச்சுவட்டைப் பார்த்தான், பக்க எண்ணைப் பார்த்தான், முதுகுப் பக்கத்தில் அறுத்த நூலைத் தடவினான். கத்தியால் அறுத்த நூலுக்கும் தானாக இற்ற நூலுக்கும் உள்ள வித்தியாசம் கயிறு பிடிக்கிற எவனுக்கும் தெரியும்.

"இது எங்க கிடந்தது?"

"என்ர லாச்சியில."

"விழுந்து கிடந்ததோ?"

"இல்லை. நான்தான் எடுத்தனான்."

"ஏன்டா?"

"நீ எனக்குப் போன் எடுக்கேல்லை."

சஜீவன் அவனை மேலும் கீழும் பார்த்தான். "உனக்கு எத்தினை வயசடா? விசரா." பிறகு வரம்பில் குந்தி வாசிக்கத் தொடங்கினான். றிபாஸ் பக்கத்தில் நின்று, எந்தப் பக்கத்தில் அவன் புருவம் ஏறுகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தான். முகம் கழுவும் இடம் வந்ததும் சஜீவன் தாளை மடியில் வைத்துவிட்டுக் குளக்கட்டுப் பக்கம் கொஞ்ச நேரம் பார்த்தான்.

முடித்ததும் போனை எடுத்தான். பக்கத்தில் ஆள் நிற்கும்போதே விதுசனுக்கு அடித்தான்.

"தம்பி, வெக்கமில்லையடா! அது வெக்கமில்லை! குளம் வந்து..."

"சொல்லாதையடா!" றிபாஸ் பாய்ந்து போனைப் பிடித்தான். "அவனும் வாசிக்கட்டும். சொன்னா அந்த இடம் செத்துப்போம்."

சஜீவன் சிரித்தான். போனைத் திருப்பி வாங்கி, "ஒரு மடிப்பு விடுபட்டுப்போச்சாம், தம்பி. றிபாஸ் கொண்டந்தவன். ஓம், பதினாறு பக்கம்," என்றான். பிறகு போனைக் கையால் பொத்திக்கொண்டு கேட்டான்: "இப்பவே கடையடிக்கு வாறானாம். வரச் சொல்லட்டோ?"

றிபாஸ் மடிப்பை வாங்கிச் சேட்டுக்குள் வைத்துப் பொத்தானைப் பூட்டினான்.

"நாளைக்கு எண்டு சொல்லு," என்றான். "இண்டைக்கு நாங்கள் ரெண்டு பேரும் கதைப்பம்."