தாய் வேஷம்

பெண் கேட்டு வந்தவர்கள் முறைப்படி கொண்டுவந்த கோலாக் கொட்டைகளை உடைத்துப் பங்கு வைத்த பிறகுதான் தெனினுக்கு விஷயம் சொன்னார்கள். அவள் கிணற்றிலிருந்து தலையில் குடத்தோடு முற்றத்துக்குள் நுழைந்தபோது, கணவனின் அண்ணனும் குடும்பத்துக்குப் பெரியவருமான மொலோபாலி நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து கொட்டையை மென்றுகொண்டிருந்தார். அவர் மனைவி சாலி ஒரு துண்டை எடுத்துத் தெனினிடம் நீட்டினாள்.

"இந்தா, உன் பங்கு. உன் மகளப் பொண்ணு கேட்டு வந்தாச்சு."

"யாரு அக்கா?"

"ஸான் பக்கத்துப் பருத்தி வியாபாரி. மூத்த சம்சாரம் ஒருத்தி இருக்கா. இருந்தா என்ன, தகரக் கூரை வீடு."

தெனின் குடத்தை இறக்கவில்லை. "ஃபிலிக்குப் பதினாலு வயசுதான் ஆகுது. பள்ளிக்கூடம் போயிட்டிருக்கா."

மொலோபாலி அவளைப் பார்க்காமலே சொன்னார். "பருத்தி எடை போட்டதும் கல்யாணம். வாக்குக் குடுத்தாச்சு. குடத்த இறக்கு, தண்ணி வழியுது."

வழிந்த தண்ணீர் அவள் முதுகில் இறங்கிக்கொண்டிருந்தது. நின்று பேசினால் வாய் மீறிவிடும் என்று பயந்து தன் குடிசைக்குள் போனாள். அங்கே அவள் கணவன் சூமானா, பஞ்சால் செய்த தாடியைக் கன்னத்தில் வைத்துக் கயிற்றின் நீளம் பார்த்துக்கொண்டிருந்தான். மறுநாள் சொந்த ஊரிலேயே கூத்து.

"உங்களுக்குத் தெரியுமா?"

"நேத்து அண்ணன் சொன்னாரு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"அவரு முடிவு பண்ணிட்டு வந்து சொல்றாரு. நான் என்னத்தச் சொல்றது?"

"ஊர் ஊராப் போய் ஆடறீங்களே. சின்னப் பொண்ணுங்களக் கட்டிக் குடுக்காதீங்கன்னு."

சூமானா தாடியைக் கழற்றினான். "அது கூத்து, தெனின்."

கோத்தேபாக் கூத்து அந்தப் பக்கத்து ஊர்களில் அறுவடை முடிந்ததும் எப்போதும் ஆடுவதுதான். கஞ்சன், சோம்பேறிக் கணவன், பொய் சொல்லும் மருத்துவன் என்று எல்லாரையும் வட்டத்துக்குள் இழுத்துவந்து ஊர் சிரிக்கும். பெண் வேஷமும் ஆண்களே கட்டுவார்கள். வட்டத்துக்குள் பேசியதற்காக வெளியே யாரும் யாரையும் தண்டிக்கக் கூடாது என்பது பழைய கட்டு. இரண்டு வருஷமாக மாவட்டத்துச் சுகாதாரக்காரர்கள் வண்டியும் டீசலும் கொடுத்து இந்தக் குழுவை ஊர் ஊராக அனுப்பிவந்தார்கள். மகளை விற்கும் பேராசைக்காரத் தகப்பன் வேஷத்தில் சூமானாவை மிஞ்ச ஆளில்லை. அவன் வருவதற்கு முன்பே சிரிப்பு வந்துவிடும்.

அன்று மாலை ஃபிலி பள்ளியிலிருந்து வந்து செய்தி கேட்டாள். அழவில்லை. "அம்மா, நான் சின்னம்மா மாதிரி ஆயிடுவேனா?" என்று மட்டும் கேட்டாள்.

மறுநாள் பொழுது சாயத் தொடங்கியதும் முரசு ஒலித்தது. ஊரே வட்டம் கட்டி உட்கார்ந்தது. முன்வரிசையில் ஊர்ப் பெரியவர்கள், அவர்களோடு மொலோபாலி. பக்கத்தில் மாவட்டத்திலிருந்து வந்த அதிகாரியம்மா.

குழுத் தலைவன் பாக்கரி, சட்டைக்குள் இரண்டு சுரைக்குடுக்கையைத் திணித்து, தலைத்துணி கட்டி, தாயாக இடுப்பை ஆட்டிக்கொண்டு வந்தான். "காராமணி தின்னிப் பயலுங்களா, காத்த விடாம உக்காருங்க," என்றதும் அவனோடு பரம்பரையாகக் கேலி முறையுள்ள கூலிபாலிக் குடும்பத்தார் பக்கம் சிரிப்பு வெடித்தது. பின்னால் பஞ்சுத் தாடியோடு சூமானா.

"இவ தின்ன கூழுக்கு இந்நேரம் ஒரு மோட்டார் சைக்கிள் வாங்கியிருப்பேன்," என்று மகள் வேஷக்காரனைச் சுற்றிவந்தான். "பல்லு சரியா இருக்கு. குளம்பு எங்க?"

சாலி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். மொலோபாலியும் சிரித்தார். தெனின் அந்தச் சிரிப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

தகப்பன் வாக்குக் கொடுக்கும் இடத்தில் முரசு நின்றது. எப்போதும் அங்கே நிறுத்திப் பாக்கரி ஒரு கேள்வி கேட்பான். "இந்தத் தாய் வாயத் தொறக்காம நிக்கிறாளே. யாராவது வந்து இவ இடத்துல நின்னு பேசறீங்களா?" வழக்கமாக யாராவது கிண்டல்காரன் எழுந்து வந்து ஊரைச் சிரிக்கவைத்துவிட்டுப் போவான்.

தெனின் எழுந்தாள். பாக்கரியின் தலைத்துணியை வாங்கித் தன் துணிக்கு மேலேயே கட்டிக்கொண்டாள். வேஷம் கட்டி ஒரு பெண் வட்டத்துக்குள் நின்றதை அந்த ஊர் பார்த்ததில்லை. சில பெண்கள் சிரித்தார்கள்.

"நம்ம ஃபிலியக் குடுக்கப் போறீங்களாமே," என்றாள்.

சிரிப்பு நின்றது. கூத்தில் மகளுக்குப் பெயர் கிடையாது.

சூமானா பழக்கத்தில் தாடியை நீவினான். "ஆமா, மோட்டார் சைக்கிள்..." யாரும் சிரிக்கவில்லை. அவன் குரல் பாதியில் நின்றது.

"என் தங்கச்சி வாஸாவையும் இப்படித்தான் அனுப்பினாங்க. பிரசவம் ரெண்டு நாள் இழுத்துச்சு. பிள்ளை செத்துப் பொறந்துச்சு. அதுலேர்ந்து அவளுக்கு ஒண்ணுக்கு நிக்கல. புருஷன் கொண்டாந்து விட்டுட்டுப் போயிட்டான். இப்ப எங்கம்மா வீட்டுக்குப் பின்னால தனியாக் கிடக்கா. நாத்தம்னு யாரும் கிட்டப் போறதில்ல. ஊருக்கே தெரியும், யாரும் சொல்றதில்ல. நீங்க சொல்லுங்க. நம்ம மகளையும் அங்க போடறதுக்கா வாக்குக் குடுத்தீங்க?"

"நான் குடுக்கல," என்றான் சூமானா. அது கூத்து வசனம் இல்லை.

"அப்ப யாரு குடுத்தது?"

மொலோபாலி எழுந்தார். "போதும். நிறுத்துங்க."

கூட்டத்திலிருந்து ஒரு கிழவர் மெல்லச் சொன்னார். "வட்டத்துக்குள்ள பேசறா மொலோபாலி. உக்காரு."

அவர் உட்காரவில்லை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய்விட்டார். அதிகாரியம்மா மட்டும் கைதட்டினாள். கூத்து முடிந்ததும் தெனினிடம் வந்து, "எவ்வளவு தத்ரூபமா நடிச்சே. இதுக்கு முன்னால நடிச்சிருக்கியா?" என்று கேட்டாள்.

"கல்யாணம் ஆனதுலேர்ந்து நடிச்சிட்டுத்தான் இருந்தேன், அம்மா," என்றாள் தெனின். "இன்னிக்குத்தான் நடிக்கல."

காலையில் அவள் தினை குத்திக்கொண்டிருக்கும்போது சூமானா அண்ணன் வாசலில் போய் நிற்பது தெரிந்தது. உலக்கையை நிறுத்தினாள்.

"கூத்துல பேசினது கூத்தோட போகட்டும்," மொலோபாலியின் குரல். "பொம்பள பேசினதுக்கு நான் கணக்கு வெச்சுக்கல. கல்யாணம் நடக்கும்."

"அண்ணே, இது... இப்ப நான் வட்டத்துல இல்ல." ஏழெட்டு ஊரைச் சிரிக்கவைக்கிற மனிதன் ஒவ்வொரு சொல்லாகத் தேடிக்கொண்டிருந்தான். "நான்தான் பேசறேன். பொண்ணு... நான் குடுக்கல. ஸானுக்கு நானே போய்ச் சொல்லிட்டு வர்றேன்."

மொலோபாலி தீர்ப்புச் சொன்னார். வட்டத்தில் பேசியவளைத் தண்டிக்க முடியாது. வாசலில் பேசியவனைத் தண்டிக்கலாம். ஆற்றங்கரை நிலம் இனி அவனுக்கு இல்லை. கல்லாங்குத்து மட்டும் எடுத்துக்கொள்ளட்டும். பொதுப் பானையில் அவர்களுக்குச் சோறு கிடையாது. அந்தக் கூத்து வேறு எந்த ஊரிலும் நடக்கலாம், இந்த ஊரில் மட்டும் இனிமேல் நடக்கக் கூடாது.

தெனின் தன் குடிசை வாசலில் மூன்று கல் கூட்டி அடுப்பு வைத்தாள். ஃபிலி சாப்பிட்டுவிட்டுப் பள்ளிக்கூடம் போனாள். சூமானா சைக்கிளை எடுத்துக்கொண்டு ஸான் சாலையில் போனான். வட்டத்தில் அவள் பேசியதைக் கேட்டு அழுத பெண்கள் யாரும் அன்று அவள் வாசல் பக்கம் வரவில்லை. கிணற்றடியில் வழிவிட்டு ஒதுங்கி நின்றார்கள்.

அந்த வார இறுதியில் குழுவை அடுத்த ஊருக்குக் கூட்டிப்போக வண்டி வந்தது. தாய் வேஷத்துக்கு இனி நீயே வா என்று பாக்கரி கேட்டிருந்தான். தெனின் வண்டியில் ஏறி உட்கார்ந்தாள். எதிரே சூமானா தாடிப் பொட்டலத்தை மடியில் வைத்திருந்தான்.

வண்டி கிளம்பும் நேரத்தில் சாலி வேலியோரமாக வந்தாள். விறகு பொறுக்க வந்தவள்போலக் குனிந்தே நின்றாள்.

"நீங்க போற ஊர்லதான் என் அக்கா இருக்கா," என்றாள், தெனினைப் பார்க்காமல். "அவ மகளுக்குப் பன்னெண்டு முடியல. பேசி வெச்சிருக்காங்க."

"என்ன செய்யச் சொல்றீங்க அக்கா?"

சாலி திரும்பி வீட்டுப் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டாள்.

"எங்கக்காவ முன்வரிசையில உக்கார வெய்யி," என்றாள்.